மகிழ்ச்சிப் பதிவேடு

பொன்னுரங்கத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். இதைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற கேங்குகளின் மேஸ்திரிமார் அத்தனை பேரும் சம்பள நாளில் இடது கைப் பெருவிரலை மைப்பெட்டியில் அமுக்கிக்கொண்டிருந்த காலத்தில், அவர் ஒருவர்தான் குமாஸ்தாவிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, தன் பெயரைத் தானே எழுதினார். மகன் பரசுராமன் சொல்லிக்கொடுத்தது. சிலேட்டில் ஆறு மாதம் எழுதிப் பழகி, மனைவி பச்சையம்மா அரிசி அளக்கிற படியின் முதுகில்கூடச் சாக்கட்டியால் எழுதிப் பார்த்து வந்த கையெழுத்து அது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில், பரசுராமன் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படித்துக்கொண்டிருந்த ராயபுரம் ஸ்ரீ ஞானவிலாச உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். பொன்னுரங்கம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். தலைமையாசிரியர் சங்கரநாராயணனின் மேசைமேல் ஒரு காகிதம் இருந்தது. அது முழுக்க இங்கிலீஷில் இருந்தது. பியூன் சின்னப்பையன் வழக்கம்போல மைப்பெட்டியைத் திறந்து நீட்டினான்.

"அத்த மூடு நைனா. நமக்குப் பேனா போதும்" என்றார் பொன்னுரங்கம். பிறகு காகிதத்தைப் பார்த்து, "இது இன்னா காயிதம் சார்?" என்று கேட்டார்.

"பரீட்சை சம்பந்தப்பட்டது. எல்லாம் பையனுடைய நன்மைக்குத்தான்" என்றார் தலைமையாசிரியர்.

பொன்னுரங்கம் நிதானமாகப் போட்டார். தலைமையாசிரியர் மை காய ஊதிவிட்டு, "பேஷ்! எவ்வளவு அழகான கையெழுத்து!" என்றார். இந்தப் பாராட்டைப் பொன்னுரங்கம் மூன்று நாள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

காகிதத்தில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன் ஞானவிலாசத்தின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பள்ளி எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் ஏழு வருஷமாக நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். தை மாதம் பள்ளிக்குள்ளேயே ஒரு செலக்‌ஷன் பரீட்சை வைப்பார்கள். அதில் யார் தேறமாட்டான் என்று தோன்றுகிறதோ அவனுடைய தகப்பனை வரவழைத்து, 'குடும்ப நிலைமை காரணமாக என் மகனை என் சொந்த விருப்பத்தின் பேரில் விலக்கிக்கொள்கிறேன்' என்று இங்கிலீஷில் எழுதிய காகிதத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, வருகைப் பதிவேட்டில் பையன் பெயர்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார்கள். மாசியில் மிச்சம் இருக்கிறவர்கள் பரீட்சை எழுதுவார்கள், எல்லாரும் பாஸாவார்கள். தோற்கிறவன் பள்ளியில் இல்லாவிட்டால் பள்ளியில் தோல்வியும் இல்லை. இதைக் கண்டுபிடித்தவர், கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியரான சங்கரநாராயணன்தான். பள்ளியின் தாளாளர் அய்யாத்துரை, பினாங்கிலிருந்து கொட்டைப்பாக்கு தருவிக்கிற மொத்த வியாபாரி. சொத்தையைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மூட்டை கட்டுவது தமக்கும் பழக்கமான முறைதான் என்று அவர் மனமாரப் பாராட்டினார்.

அந்த வருஷம் ஆறாம் பாரத்தில் நாற்பத்தொரு பையன்கள். சிவப்புக் கோட்டுக்குப் பிறகு முப்பது.

மறுநாள் வகுப்பில் ரோல்கால் நடந்தபோது பரசுராமன் பெயர் வரவில்லை. கையைத் தூக்கினான். "உன் அப்பாவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாரே!" என்று காகிதத்தைக் காட்டினார்கள். சிலேட்டில் தான் கையைப் பிடித்து எழுதவைத்த எழுத்துகளைப் பையன் பார்த்தான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

வீட்டில் சொல்லவில்லை. அப்பா கையெழுத்தின் சந்தோஷத்தில் இருந்தார், எப்படிச் சொல்வான்? தினம் ஒன்பது மணிக்குத் தலை வாரி, புத்தகக் கட்டோடு கிளம்புவான். நாலரைக்குத் திரும்புவான். நடுவில் அவ்வளவு நேரமும் பள்ளியின் பின்சுவரோரம், தன் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து உள்ளே நடக்கிற பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். "படிப்பு எப்டி கீது?" என்று பொன்னுரங்கம் கேட்பார். "நல்லா கீது நைனா" என்பான். ஆறு வாரம் இப்படி நடந்தது. பரீட்சை தொடங்கிய நாள் காலையில் கிளம்பினவன் திரும்பவில்லை. மறுநாள் காசிமேட்டு மீனவர்கள் அவனைக் கடலிலிருந்து கொண்டுவந்தார்கள்.

பத்தாம் நாள் பியூன் சின்னப்பையன் வந்தான். கூடத்தில் குந்தி, மூக்கைச் சிந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அந்தக் காகிதம் என்ன, கோடு என்ன, பின்சுவர் என்ன, எல்லாம்.

"மேஸ்திரி, அன்னிக்கு நான் மைப்பொட்டிய நீட்டினேனே, அப்பயே சொல்லியிருக்கணும். வேலை போய்டும்னு பயந்துகினு நின்னேன்" என்றான்.

பொன்னுரங்கம் எழுந்தார். உள்ளே போய்ச் சிலேட்டை எடுத்து உடைத்தார். அடுத்த சம்பள நாளில் குமாஸ்தா பேனாவை நீட்டியபோது இடது கைப் பெருவிரலை நீட்டினார்.

துறைமுகத்தில் அவருடைய கேங்குக்கு ஒரு வழக்கம் உண்டு. விடிகாலையில் மஸ்டர் எடுக்கும்போது பதினாறு பேரின் பெயரையும் காகிதம் இல்லாமலே கூப்பிடுவார். வேலையில் ஒருவன் செத்துப்போனால் மறுநாள் மஸ்டரில் அவன் பெயரையும் கூப்பிடுவார். அவனை அந்த இடத்துக்கு ஏவினவன் எவனோ, அவன் எழுந்து நின்று "நான் அனுப்சேன்" என்று சொல்ல வேண்டும். தண்டனை கிடையாது. சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்கிறவரைக்கும் ஒருத்தனும் கயிற்றைத் தொடமாட்டான். இரண்டு வருஷத்துக்கு முன் மூட்டை தூக்கும் வின்ச் ஓட்டுகிற ஹென்றி கையசைத்துக் கப்பலின் அடித்தளத்துக்கு இறக்கிவிட்ட ஆள்மேல் மூட்டைகள் சரிந்தன. மறுநாள் ஹென்றிக்கு வாயைத் திறக்க மத்தியானம் ஆயிற்று. அதுவரை கப்பல் நின்றது, கப்பல்காரன் இங்கிலீஷில் திட்டித் தீர்த்தான். ஹென்றி சொல்லிவிட்டு அழுதான். கேங்கு அவனுக்கு டீ வாங்கிக்கொடுத்து வேலையை ஆரம்பித்தது.

மகன் விஷயத்தில் பொன்னுரங்கம் கேட்டதெல்லாம் இதுதான். அனுப்பினவர்கள் சொல்ல வேண்டும்.

ஆனால் பள்ளிக்கூடம் என்பது துறைமுகம் போலக் காட்டுமிராண்டி இடம் அல்ல. அங்கே முறைப்படி விசாரணை உண்டு. மாலைப் பத்திரிகை ஒன்றில் நாலு வரி வந்து, கல்வி இலாகாவும் விளக்கம் கேட்டுவிட்டதால், தாளாளர் உடனே ஒரு குழு அமைத்தார். அவர், தலைமையாசிரியர், டிரில் மாஸ்டர் ஆக மூன்று பேர். முதல் மூன்று கூட்டங்கள் குழுவின் பெயரைத் தீர்மானிப்பதில் போயின. 'தற்கொலை' என்ற சொல் மாணவர் காதில் விழக்கூடாத சொல் என்பதால் எடுக்கப்பட்டது. 'சாவு' மங்களகரமாக இல்லை. கடைசியில் 'மாணவர் மனத்தளர்ச்சிக் காரண ஆராய்ச்சிக் குழு' என்று பெயர் வைத்து, பகோடா சாப்பிட்டுக் கலைந்தார்கள். நாலாம் கூட்டத்தில் முதல் தீர்மானம் நிறைவேறியது: 'காலஞ்சென்ற பரசுராமன் இப்பள்ளியின் மாணவர் அல்லர், ஆகவே இக்குழுவுக்கு அவசியமில்லை, எனினும் குழு அமைந்துவிட்டபடியால் தொடர்ந்து நடைபெறும்.'

ஐந்தாம் கூட்டத்துக்குப் பொன்னுரங்கத்தை அழைத்தார்கள். நாற்காலி போடவில்லை. நின்றார்.

"உன் பையன் சினிமா பார்ப்பானா?" என்று தலைமையாசிரியர் ஆரம்பித்தார்.

"ஒரு தபாகூடப் போனதில்ல சார்."

"குறித்துக்கொள்ளுங்கள். சினிமா பார்க்கக் கிடைக்காத ஏக்கம்" என்றார் பள்ளிக் குமாஸ்தாவிடம்.

டிரில் மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார். "பந்து ஆடுவானோ?"

"ஆடுவான் சார். வியாசர்பாடிப் பசங்களோட ஆடிக்கினு இருப்பான்."

"அளவு மீறிய களைப்பு" என்றார் டிரில் மாஸ்டர்.

"தை மாசத்துலேந்து ஆடல சார்."

"உடற்பயிற்சிக் குறைவு. இரண்டையும் எழுதுங்கள்."

தாளாளர் அய்யாத்துரை முன்னால் குனிந்தார். "வீட்ல கருவாடு திங்கதுண்டா?"

"உண்டு சார்."

"அதான பாத்தேன். கருவாட்டுச் சூடு நேரா மூளைக்குல்லா ஏறும். சாப்பிட்ட பொறவு நல்ல பாக்கா ஒண்ணு போட்டிருந்தாம்னா மனசு லேசாயிருக்கும். நான் யாவாரத்துக்காகச் சொல்லல. அனுபவத்துல சொல்லுதேன்."

இதுவும் எழுதப்பட்டது. பொன்னுரங்கம் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்கள் விளையாடவில்லை என்பது அவருக்குப் புரிய நேரம் பிடித்தது.

"சார், அவன் பேர அட்ச்சீங்களே, அது ஒரு காரணம் இல்லியா?"

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொன்னுரங்கம், நாங்கள் எதையும் அடிக்கவில்லை. நீ எழுதிக் கொடுத்ததை நிறைவேற்றினோம். பெற்றோர் விருப்பத்தை மதிப்பது இந்தப் பள்ளியின் மரபு." பிறகு குமாஸ்தா பக்கம் திரும்பி, "குறித்துக்கொள்ளுங்கள். தந்தையின் அவசர முடிவு" என்றார்.

அந்த வார்த்தை பொன்னுரங்கத்தின் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது. அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை. அதில் உண்மையும் இருந்ததே, அதுதான் தாங்க முடியவில்லை.

மாணவர்கள் ஏன் சாகிறார்கள் என்பதற்குக் குழு இருபத்துமூன்று காரணங்கள் கண்டுபிடித்தது. எண்ணெய்ப் பலகாரம், காலர் வைத்த சட்டை, நீளமான கிராப்பு, கடற்காற்று எல்லாம் அதில் இருந்தன. பள்ளிக்கூடம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. காரணங்கள் கிடைத்தபின் பரிகாரம் வேண்டுமல்லவா? கடல் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் ஆணி அடித்து மூடப்பட்டன. ஒவ்வொரு வகுப்பிலும் 'மகிழ்ச்சிப் பதிவேடு' என்று ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டது. முகம் வாடியிருக்கிற பையனின் பெயரை வகுப்புத் தலைவன் அதில் எழுத வேண்டும். மூன்று முறை பெயர் ஏறினால், மகிழ்ச்சி வரும்வரை வெயிலில் நிற்க வேண்டும். பல் வலியால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவனை முதல் நாளே நிறுத்தினார்கள். அரை மணியில் அவன் தான் மிகவும் மகிழ்ச்சியாக இருப்பதாக எழுதிக் கொடுத்தான். திட்டத்தின் முதல் வெற்றி என்று அறிக்கையில் அது ஏறியது.

காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு உறுதிமொழி வேறு. அதைத் தாளாளரே நேரில் வந்து துவக்கிவைத்தார்.

"நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்!" என்று அறுநூறு பையன்கள் சொன்னார்கள்.

அய்யாத்துரை காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். "கேக்கல! இன்னும் சத்தமா!"

மூன்று தடவை சொல்லவைத்தார். மூன்றாம் தடவை ஒன்றாம் பாரத்துப் பையன் ஒருவன் பயத்தில் அழுதுவிட்டான். அவன் பெயரும் பதிவேட்டில் ஏறியது.

இதையெல்லாம் சின்னப்பையன் அவ்வப்போது வந்து சொல்லக் கேட்ட பொன்னுரங்கத்துக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. கோடு போட்டது பதினொரு பேருக்கு. ஒருவன் போய்விட்டான், மீதிப் பத்து? ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகத் தேடிப் போனார். ஒரு வீட்டில் தகப்பன் பையனோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். ஒரு வீட்டில் பையனைச் சொந்தக்காரர் கண்ணில் படாமல் பின்கட்டில் வைத்திருந்தார்கள். அமீருதீன் என்ற பையனின் தாய் ஷம்ஷாத், "மாசக்கணக்கா வாயே தொறக்கலை மேஸ்திரி" என்று வாசலிலேயே அழுதாள்.

அமீருதீன் அவரிடம் மட்டும் பேசினான். "ரோல்கால்ல என் பேர் வராம அடுத்த பேருக்குத் தாவிட்டாங்க மாமு. அன்னிலேந்து நான் இல்லாத மாரியே கீது. பரசு மாரியே நானும் நெனைச்சேன்."

ஏன் செய்தான், ஏன் செய்தான் என்று பொன்னுரங்கம் இத்தனை மாதம் தலையில் அடித்துக்கொண்டு கேட்டதற்கு, இருபத்துமூன்று காரணங்களில் இல்லாத ஒன்றை இந்தப் பையன் சொல்லிவிட்டான். மார்க்கு குறைந்தால் மனுஷன் அழுவான், தூங்குவான், எழுந்துவிடுவான். ஆறு வாரம் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத இடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தானே, அதுதான் அவனைத் தின்றிருக்கிறது. தான் ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்திருந்தால், 'டேய் பரசு' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே அவர் பையனின் தோளைப் பிடித்தார்.

"இங்க பாரு அமீரு. அந்த மாரி நெனப்பு திரும்ப வந்தா, எந்த நேரமானாலும் என் வூட்டுக் கதவ தட்டு. நாளைலேந்து காலைல ஆர்பர் கேட்டாண்ட வா. நான் கூப்புடுறேன்" என்றார்.

பத்துப் பேரும் வந்தார்கள். பதினாறு பெயருக்குப் பிறகு பொன்னுரங்கம் அந்தப் பத்தையும் கூப்பிடுவார். "கீறேன்!" என்று ஒவ்வொருவனும் குரல் கொடுப்பான். பிறகு ஹென்றி வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அடுத்த பரீட்சைக்குத் தனியாகப் படிப்பார்கள்.

புரட்டாசியில் பள்ளியின் ஆண்டு விழா வந்தது. எட்டாவது நூற்றுக்கு நூறு. கல்வி இலாகாவின் பெரிய அதிகாரி கேடயம் கொடுக்க வருகிறார். குழுவின் அறிக்கையும் அவரிடம் கொடுக்கப்பட வேண்டும். அதில் ஒரே ஒரு குறை, பெற்றோர் திருப்திக் கையொப்பம் இல்லை. தலைமையாசிரியர் பொன்னுரங்கத்தை வரவழைத்தார்.

"மேடையிலேயே நீ கையெழுத்துப் போடலாம். 'பள்ளிக்கு என் நன்றி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதிலுக்கு உன் மகனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தருகிறோம். இல்லாத மாணவனுக்கு அது தருவது இதுவே முதல் தடவை."

"சரிங்க சார்" என்றார் பொன்னுரங்கம்.

விழாவில் தலைமையாசிரியர் அருமையாகப் பேசினார். "தோல்வி என்ற சொல்லுக்கு இந்தப் பள்ளியில் இடமில்லை. அது வருவதற்கு முன்பே நாங்கள் அதை வெளியே அனுப்பிவிடுகிறோம்!" என்றார். கைதட்டல். அய்யாத்துரை எழுந்து, "பாக்கானாலும் பையனானாலும் சொத்தை ஒண்ணு கெடந்தா மூட்டையே போச்சு. அத வெலக்கதுதான் கல்வித் தொண்டு" என்றார். அதற்கும் கைதட்டல். அதிகாரி இரண்டுக்கும் தலையசைத்தார்.

பிறகு பொன்னுரங்கத்தை மைக் முன்னால் நிறுத்தி, கையில் பேனாவைக் கொடுத்தார்கள்.

"கையெய்த்துப் போடறதுக்கு மின்னாடி, எங்க வழக்கப்படி மஸ்டர் எட்த்துக்குறேன் சார்" என்றார் அவர்.

"ஓ, துறைமுகக் கலை நிகழ்ச்சியா? நடக்கட்டும், நடக்கட்டும்" என்றார் அதிகாரி மகிழ்ச்சியாக.

பொன்னுரங்கம் பத்துப் பெயர்களைக் கூப்பிட்டார். கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகப் பத்து "கீறேன்" வந்தது. அதிகாரி தலைமையாசிரியர் பக்கம் சாய்ந்து, "யார் இவர்கள்?" என்று கேட்டார். "வெளியாட்கள்" என்றார் தலைமையாசிரியர். "ஆறாம் பாரம் சார்!" என்று அமீருதீன் பின்னாலிருந்து கத்தினான். அதிகாரி கேடயத்தையும் அறிக்கையையும் மாறி மாறிப் பார்த்து, விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"பரசுராமன்" என்று பொன்னுரங்கம் கூப்பிட்டார்.

பின்வரிசையில் கேங்கு ஆட்கள் பதினாறு பேரும் எழுந்து நின்றார்கள்.

"பரசுராமன்."

பொன்னுரங்கம் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"நான் அனுப்சேன். இன்னா எய்திருக்குதுன்னு தெரியாம கையெய்த்துப் போட்டு, எம் புள்ளைய நான் அனுப்சேன். என்னுது ஆச்சு." அவர் மேடை நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு பேரு பாக்கி கீறாங்க."

தலைமையாசிரியருக்கு வியர்த்தது. ஆனால் இருபது வருஷ அனுபவஸ்தர். பாட்டுக்கு நிற்கிற பையன்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவர்கள் தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டார்கள். எல்லாரும் அசையாமல் நின்றார்கள், பொன்னுரங்கமும் நின்றார். கீதம் முடிந்தால் விழாவும் முடிந்தது என்பது மரபு. அதிகாரி அறிக்கையை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் ஏறினார். தலைமையாசிரியர் பின்வாசலிலும், தாளாளர் அதற்கும் பின்னாலிருந்த வாசலிலும் வெளியேறினார்கள்.

மறுநாளிலிருந்து பொன்னுரங்கம் கேங்குக்கு ராத்திரி ஷிஃப்டு கேட்டு வாங்கிக்கொண்டார். வேலை விட்டு வருகிற வழியில் பதினேழு பேரும் பள்ளி வாசலில் நிற்பார்கள். முதல் மணி அடித்ததும் அவர், "பரசுராமன்" என்று ஒரே ஒரு பெயரைக் கூப்பிடுவார். இரண்டாம் மணி வரை காத்திருந்துவிட்டுப் போவார்கள். சத்தம் இல்லை, கல் இல்லை, கொடி இல்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "சொந்தப் புள்ள பேர கூப்புட்றது எந்த செக்‌ஷன்ல வருது சார்?" என்று ஹென்றி கேட்க, அவர் யோசித்துப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார். குழு அவசரமாகக் கூடி, 'மாணவர் அல்லாதவரின் பெயரைப் பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் உச்சரிக்கலாகாது' என்று தீர்மானித்தது. மணியை ஒன்பதரையிலிருந்து ஒன்பதுக்கும், பிறகு எட்டரைக்கும் மாற்றினார்கள். மணியை அடிக்கிறவன் சின்னப்பையன். எந்த நேரத்துக்கு மாற்றினாலும் பொன்னுரங்கத்துக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

இருபத்திரண்டாம் நாள் ஆறாம் பாரத்து வாத்தியார் லீவு. தலைமையாசிரியரே ரோல்கால் எடுக்க உட்கார்ந்தார். வாசலில் கூப்பிட்ட குரல் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பத்மநாபன், பழனி என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவரின் வாய், பதிவேட்டில் இல்லாத ஒரு பெயரைத் தானாகச் சொல்லிவிட்டது.

"பரசுராமன்."

அவர் தலையைத் தூக்கினார். இந்த வருஷத்து முப்பத்தெட்டுப் பையன்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பெயரைப் படிக்கப் பார்த்தார், குரல் எழும்பவில்லை. ஆணி அடித்த ஜன்னலுக்கு வெளியே பின்சுவர் இருந்தது. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான்தான் அனுப்பினேன்" என்றார்.

வகுப்பு வாசலில் நின்ற சின்னப்பையன் இரண்டாம் மணியைக்கூட மறந்து தெருவுக்கு ஓடினான். மூச்சிரைக்க வந்து அவன் சொன்னதைக் கேட்ட பொன்னுரங்கத்துக்கு உடனே பச்சையம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் முடிந்துவிடவில்லை.

"ஒர்த்தர் சொல்ட்டாரு" என்றார் ஹென்றியிடம். "நாளைலேந்து இஸ்கோலுக்கு வர வாணாம். பினாங்குக் கப்பலு எப்ப வருது?"

"ஐப்பசி மொத வாரம்" என்றான் ஹென்றி. இருவரும் மேகத்தைப் பார்த்தார்கள்.

கப்பல் சொன்னபடி வந்தது. ஆயிரத்து இருநூறு மூட்டை கொட்டைப்பாக்கு, எல்லாவற்றின் மேலும் அய்யாத்துரையின் முத்திரை. பகல் ஷிஃப்டுக்குத் திரும்பியிருந்த கேங்கு, முதல் நூறு மூட்டை கரையில் இறங்கும்வரை ஒழுங்காக வேலை செய்தது. அதன் பிறகு பொன்னுரங்கம் கையைத் தூக்கினார். வின்ச் நின்றது. அந்தரத்தில் எட்டு மூட்டை தொங்கியது.

"பரசுராமன்" என்று கூப்பிட்டார். கேங்கு மொத்தமும் கரையில் உட்கார்ந்துகொண்டது. பக்கத்துக் கப்பலின் கேங்கைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களும் வந்து, விஷயம் இன்னதென்று கேட்டு, கூடவே உட்கார்ந்துகொண்டார்கள்.

அய்யாத்துரை குடையோடு ஓடிவந்தபோது கிழக்கே கறுத்திருந்தது. பாக்கு நனைந்தால் பூசணம் பூக்கும் என்பது அவருக்குத் தெரியாதா?

"பொன்னுரங்கம், இது என்ன அநியாயம்! ஒம்ம பையன் பேர பதிவேட்ல திரும்ப எழுதிருதேன். போதுமா?"

முதல் தூறல் மூட்டைகள்மேல் விழுந்தது.

"பள்ளிக்கூடத்துல அவன் படத்தப் பெருசா மாட்டுதேன். அந்த அறிக்கையக் கிழிச்சுப் போட்டுருதேன். வேற என்ன வேணும்? சொல்லும்!"

"பரசுராமன்" என்று பொன்னுரங்கம் மறுபடி கூப்பிட்டார்.

மழை வலுத்தது. அய்யாத்துரை தொங்குகிற மூட்டைகளைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த நாற்பது பேரைப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் நின்ற பத்துப் பையன்களைப் பார்த்தார். குடை காற்றில் மடங்கிப் போயிற்று. தண்ணீர் நெற்றி விபூதியைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. அவர் உதடு மட்டும் அசைந்தது.

"நான்... அனுப்பிச்சேன்."

பொன்னுரங்கம் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார்.

"கேக்கல" என்றார். "இன்னும் சத்தமா."